நாற்பதாவது அட்டைக்குப் பிறகு

பாயை விரித்தாயிற்று, ஜன்னல் திரையைப் பாதிக்கு இழுத்தாயிற்று, மணி பத்தரை, ஆதினி வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதில்லை என்றாகி மூன்று மாதம் இருக்கும். பாயின் விளிம்பு தரையில் படும் சத்தம் போதும், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்து எனக்கு எதிரில், தரைக் கல்லின் இரண்டாவது கோட்டுக்கு நேராகக் கால்களை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். நேற்றும் இரண்டாவது கோடு. முந்தாநாளும் அதே கோடு. இரண்டேகால் வயதுப் பெண் இப்படி உட்காருவதை வீடியோவில் பார்த்துவிட்டு ரேணுகாவின் தம்பி திவாகர், "மாமா, ஒரு டையைக் கட்டி ஆபீசுக்கே அனுப்பிடலாம் போலிருக்கே," என்றான். சிரித்தேன். குடும்பக் குழுவில் பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்த வீடியோவை அதன் பிறகு பலமுறை நான் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று தெரியாமல். அதில் அவள் கண் இருக்கும் இடத்தைப் பார்க்கத்தான் போலிருக்கிறது. அவள் கண் நான் காட்டும் பட அட்டையில் இல்லை. என் முகத்திலும் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில், எனக்கும் பின்சுவருக்கும் நடுவில், ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது. ஒருமுறை படம் ஓடும்போதே திரும்பிப் பார்த்தேன், படத்தில் இருக்கும் சுவரைப் பார்க்க நிஜச் சுவர் பக்கம் திரும்பினேன். வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு ஆணிகூட இல்லை. ஓசூருக்கு வெளியே புதிதாகக் கட்டிய இந்தக் குடியிருப்பில் எட்டு வீடு, மூன்றில்தான் ஆள், எங்கள் மாடியில் நாங்கள் மட்டும். பகலில் எந்தச் சத்தமும் இல்லாத வீடு என்று சந்தோஷமாகத்தான் வாடகைக்குப் பிடித்தோம். குழந்தைக்கு நல்லது, கவனம் சிதறாது என்று நான்தான் சொன்னேன்.

முதல் பத்து நிமிடம் தொடுதல். சாக்குத் துண்டு, பட்டுத் துண்டு, தேங்காய் நார், பஞ்சு. சாக்கை அவள் உள்ளங்கையில் தேய்த்து, "சொரசொர" என்கிறேன். பட்டை வைத்து, "வழவழ" என்கிறேன். கையை நீட்டுகிறாள், முடிந்ததும் மடக்குகிறாள். எதற்கும் முகம் மாறுவதில்லை. மூன்று மாதம் போனில் பெற்றோர் வகுப்பு எடுத்த மஞ்சுளா மேடம் சொன்னது நினைவுக்கு வருகிறது: "மாதேஷ் சார், இந்த வயசுல மூளை பிசைஞ்ச மாவு மாதிரி. எந்த விரல் படுதோ அந்தத் தடம் விழும்." அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த விரல் படுதோ. நான் இரண்டு வருடம் படாமலே விட்டுவிட்ட விரல்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாளே பட அட்டைப் பெட்டியை வரவழைத்தேன், அட்டவணை எழுதினேன், சமையலறைக் கதவில் ஒட்டினேன். மேடம் வேறு ஏதோகூடச் சொன்னார். "கார்டு காட்டறது ரெண்டாம்பட்சம் சார். அவ எதைப் பார்க்கறாளோ நீங்களும் அதைப் பாருங்க, அதைப் பத்திப் பேசுங்க. அவ ஒரு சத்தம் போட்டா நீங்க பதில் சத்தம் போடுங்க. பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்கிற மாதிரி." அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. எத்தனை நிமிடம், எத்தனை தடவை, எந்த வரிசை என்று கேட்டேன். வரிசை முக்கியமில்லை என்றார். வரிசை முக்கியமில்லாத வேலை என்று ஒன்று உண்டா? பதினோரு வருடமாக நான் பார்ப்பது தரச் சோதனை. பிரேக் பாகம் ஒன்றை எடுப்பேன், ஏழு இடத்தில் அளப்பேன், அதே ஏழு இடம், அதே வரிசை, இடது கையால் எடுத்தால் கடைசிவரை இடது கை. வரிசை மாறினால் எங்கே பிழை என்று சொல்ல முடியாது. அதனால் பெட்டி வந்த அன்றே நாற்பது அட்டைகளின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டேன். ஒன்று பசு. நாற்பது வீடு. நான்கு மாதத்தில் ஒருநாள்கூட வரிசை மாறியதில்லை.

இப்போது ஒலி. மூடிய மூன்று டப்பா, ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் கொண்டைக்கடலை, ஒன்றில் எதுவும் இல்லை. கேழ்வரகை அவள் காதருகே ஆட்டுகிறேன். மழை தூரத்தில் பெய்வது போலிருக்கிறது. கடலையை ஆட்டுகிறேன். காலி டப்பாவை ஆட்டும்போதுதான் அவள் தலையைச் சாய்ப்பாள், அப்போது மட்டும். இன்றும் சாய்க்கிறாள். அதில் என்ன கேட்கிறது அவளுக்கு? ஒருநாள் அந்த டப்பாவை நானே காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். என் மணிக்கட்டு எலும்பின் சத்தம்தான். போன் அதிர்கிறது, ரேணுகா. காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனால் ஒன்றே காலுக்கு வருவாள், ஒன்றே முக்காலுக்கு நான் கம்பெனி பஸ் ஏறுவேன், ஒரு நாளில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது அந்த அரை மணிதான். "சாப்பிட்டாளா?" "ரெண்டு இட்லி." "கேட்டாளா, நீங்களா ஊட்டினீங்களா?" இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறாள். ஊட்டினேன் என்றேன். "ம்." இரண்டு நொடி அந்தப் பக்கம் ரத்த மாதிரிக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரத்தின் சத்தம். "சரி சரி, உங்க பரீட்சை நேரமாச்சு இல்ல? வாத்தியார் கோபிச்சுக்கப் போறாரு. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர், ஞாபகம் இருக்கில்ல? டாக்டர் கேட்ட பாரத்தைப் பாப்பா பையில வைங்க, மறந்துட்டு வந்து நிக்காதீங்க." வைத்துவிட்டாள். பாரம் பையில்தான் இருக்கிறது. நேற்றே நிரப்பிவிட்டேன், அவள் பார்க்காதபோது, நீலப் பேனாவால், ஒரு அடித்தல் இல்லாமல்.

டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரேணுகா கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள், "அவ எங்கிட்ட எதுவும் கேக்கறதில்லைங்க. தண்ணி வேணும்னா டம்ளர் முன்னாடி போய் நிக்கறா. நான் கவனிக்கிற வரைக்கும் நிக்கறா. கவனிக்கலைன்னா நின்னுட்டே இருக்கா. அம்மான்னு ஒரு தடவை கூப்பிட்டதில்ல." நான் சொன்னேன், நாற்பது வார்த்தை தெரியும் அவளுக்கு, அட்டையைத் திருப்பறதுக்கு முன்னாடியே சொல்றா. ரேணுகா குழாயை மூடினாள். "திருப்பறதுக்கு முன்னாடி எப்படிங்க சொல்ல முடியும்?" என்றாள். புத்திசாலி என்றேன். அவள் தட்டைத் துடைத்தாள், துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். பாரத்தில் ஒரு கேள்வி: குழந்தை பேசும் சொற்கள் எத்தனை. நாற்பது என்று எழுதினேன். கீழே இன்னொரு கேள்வி: குடும்பத்தில் யாருக்கேனும் பேச்சு வராமலோ தாமதமாகவோ இருந்ததுண்டா. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா அந்தக் கட்டத்தில் சற்று அதிகமாக அழுந்திவிட்டது, அடுத்த பக்கத்தில் தடம் தெரிகிறது. என் அண்ணன் காய்ச்சலில் செத்தான் என்பது ரேணுகாவுக்குத் தெரியும். பதினேழு வயதில். மாரப்பன். அதற்கு முன் அந்தப் பதினேழு வருடம் எப்படி இருந்தான் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவன் பேசமாட்டான். பேசமாட்டான் என்பதுகூடச் சரியில்லை, நாம் சொல்வதன் கடைசிச் சொல்லை அப்படியே திருப்பித் தருவான். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டியா. ஸ்கூலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது என் சிநேகிதர்கள் கெட்ட வார்த்தையாகச் சொல்லி அவன் வாயிலிருந்து அது திரும்ப வருவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். தருமபுரி பஸ் நிலையத்தில் ஒருநாள் சத்தமாக. அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தேன், கை சூடாக, பெரிதாக இருக்கும், ரோடு தாண்டும்போது என்னை இழுத்து நிறுத்துவது அவன்தான். சரி, நேரமாகிறது. பத்து ஐம்பது. அட்டை.

அட்டைகளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். மேலே இருப்பதை எடுத்து அவள் பக்கம் திருப்ப வேண்டும், எனக்குத் தெரிவது முதுகும் எண்ணும்தான். ஒன்று. "பசு" என்கிறாள். முதல் இரண்டு மாதம் நான் சொன்னேன், இப்போது அவள் சொல்கிறாள், நான் "ம், அடுத்து" மட்டும். இரண்டு, மணி. மூன்று, குடை. சுருக்கமான, தட்டையான குரல், பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்கிற மாதிரி. வாழைப்பழத்தின் பிசுபிசுப்பு அட்டை ஓரத்தில் இருக்கிறது, நேற்று அவள் கையைத் துடைக்காமல் விட்டேன் போல. பதினொன்று, சாவி. ம், அடுத்து. பன்னிரண்டு, செருப்பு. ம், அடுத்து. அடுத்த அட்டையைத் திருப்புகிறேன், "மயில்" என்கிறாள், என் கண் முதுகில் இருக்கும் எண்ணில் படுகிறது, பதினான்கு. பதினான்கு கத்தரிக்காய். மயில் பதின்மூன்று. தப்பு சொல்கிறாள். இத்தனை நாளில் முதல் தப்பு. திருப்பி நானே படத்தைப் பார்த்தேன், கத்தரிக்காய், ஊதா நிறத்தில், பச்சைக் காம்போடு, மயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், பதின்மூன்று எங்கே? காட்டி முடித்த அடுக்கைப் பார்த்தேன். பன்னிரண்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது பதின்மூன்று, வாழைப்பழப் பசையில், ஒரே அட்டை போல. அப்படியானால் பன்னிரண்டு என்று நான் திருப்பியபோது அவள் பக்கம் தெரிந்தது மயில். மயிலைப் பார்த்துக்கொண்டு செருப்பு என்றாள். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு மயில் என்றாள். இல்லை. அவசரப்படக் கூடாது. ஒரு பாகம் அளவு தவறினால் முதலில் அளவுகோலைச் சந்தேகப்பட வேண்டும், பிறகுதான் பாகத்தை. பதினைந்தைத் திருப்பினேன். ரயில். ரயில் படம் அவளுக்குப் பிடிக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதைக் காட்டும்போது மட்டும் கையைத் தூக்குவாள். கையைத் தூக்கவில்லை. "கத்தரிக்காய்" என்றாள். பதினாறு, நிலா. நிலாவைக் காட்டுகிறேன். "ரயில்" என்கிறாள், கையைத் தூக்குகிறாள்.

நிலாவைப் பார்த்து ரயிலுக்குத் தூக்க வேண்டிய கையைத் தூக்குகிறாள். கை இறங்குகிறது. காத்திருக்கிறாள். என் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்குவது தெரிகிறது. படத்தை அவள் பார்க்கவே இல்லை, நான்கு மாதமாகப் பார்க்கவே இல்லை, திருப்புவதற்கு முன் சொன்னாள், ஏனென்றால் திருப்புவதே அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. வரிசையைக் கற்றிருக்கிறாள். வரிசையை நான்தான் மாற்றவில்லை. மஞ்சுளா மேடம் சொன்னார், முக்கியமில்லை என்று. எண் போட்டவன் நான். நாற்பது என்று எழுதியவன் நான், நீலப் பேனாவால். நாற்பது இல்லை அது, ஒன்று, நாற்பது துண்டுள்ள ஒரே ஒரு நீளமான சத்தம், முன்னும் பின்னும் எதுவும் இல்லாத சத்தம், அப்படியானால் அவளுக்குத் தெரிந்தது என்ன, பசு என்றால் பசு இல்லை, ஒன்று, குடை என்றால் மழை இல்லை, மூன்று. போன வாரம் மழை பெய்தபோது பால்கனியில் நின்று, "பாரு, குடை, குடை எங்கே?" என்றேனே, என்னைத் தாண்டிப் பார்த்தாளே, அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது. தெரியும். போதும், நிறுத்திவிடலாம். அட்டைகளை மொத்தமாகக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையையும் அவற்றின் மேல் அழுத்திக்கொண்டேன். அட்டை இல்லாவிட்டால் நின்றுவிடுவாள்.

"நிலா" என்றாள்.

நான் எதையும் திருப்பவில்லை. அட்டை ஒன்றை எடுத்துத் திருப்ப எனக்கு ஆகும் நேரம் எவ்வளவோ அவ்வளவே விட்டு, "ம், அடுத்து" என்றாள். அவளேதான் சொன்னாள். என்னுடைய "ம்". அடித் தொண்டையிலிருந்து, உதட்டைத் திறக்காமல் வரும் என்னுடைய "ம்". "பூட்டு. ம், அடுத்து. நண்டு. ம், அடுத்து." அவ்வளவு சின்ன மார்புக்குள் அந்த ஆழம் எங்கே இருக்கிறது? நான் என் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தேன், நான் பேசுகிறேனா என்று. பேசவில்லை. அறையில் என் குரல் கேட்கிறது. இருபத்து மூன்று முடிந்ததும் நிறுத்தி, தொண்டையைச் செருமினாள், ஒருமுறை, பிறகு இரண்டு சின்னச் செருமல். பட்டறை எண்ணெய்ப் புகையில் பதினோரு வருடமாக எனக்கு இருக்கும் செருமல் அது, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு செருமுவேன், அவளும் வைத்துக்கொண்டாள். "தேள். ம், அடுத்து." இருபத்தேழுக்குப் பிறகு, "சமத்து." இருபத்தெட்டுக்குப் பிறகு நீண்ட மூச்சு ஒன்று, பெரிய மனிதர் விடுகிற மூச்சு, சோர்வு, சலிப்பு எல்லாம் அதில் அப்படியே இருந்தது. நான் இப்படியா மூச்சுவிடுகிறேன் இந்தக் குழந்தையின் முன்னால்? "ஆதினி" என்றேன். நிற்கவில்லை. "பாப்பா, போதும்டா, அப்பாவைப் பாரு." நிற்கவில்லை. நான் பேசுவது அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது போல, கொஞ்சம் குரலை உயர்த்தி என் பேச்சுக்கு மேல் சொன்னாள். "முப்பது" என்று என் மனம் எண்ணியது, அவள் "வாளி" என்றாள். முப்பத்தொன்று, "ஆடு." பிறகு "ம், அடுத்து" வரவில்லை. குரல் தணிந்தது. வேகமாக, பல்லுக்கிடையில், ஒரே மூச்சில்: "மாரப்பன் மாதிரி ஆயிடாதடி ஆயிடாதடி."

பிறகு, "ம், அடுத்து."

மாரப்பன். இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். படம் இல்லை, திதி கொடுப்பதில்லை, பேச்சில் வந்ததில்லை. யார் சொன்னார்கள் இவளுக்கு? அவள் கண் நின்ற இடத்தில் என் கண் போனது, என் காதுக்குப் பின்னால், அந்த வெற்றுச் சுவர். போக வேண்டாம் என்று நினைத்தும் தலை திரும்பியது. அங்கே அவன் நின்றிருந்தால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று எனக்குத் தெரியும், ஜன்னல் சட்டத்தின் மேல் கோடுவரை, ஒரு தோள் சற்றுத் தாழ்ந்து. திருப்பிச் சொல்வது அவன் வேலை, சொல்லிக் கொடுப்பது இல்லை. இல்லையா? நாற்பது நிமிடம், நான்கு மாதம், எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும். முட்டாள்தனம். சுவர்தான். மறுபடி அவள் பக்கம் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தேன், இதை எப்படி எழுதுவது, எழுதாமலும் முடியாது: என் உதடுகள் அப்போதுதான் மூடின. அவள் அதைச் சொன்னபோது கூடவே நானும் சொல்லியிருக்கிறேன், இன்று சத்தமில்லாமல், மற்ற நாட்களில் முணுமுணுப்பாக. முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில். தினமும் அந்த இடத்தில். பஞ்சாயத்துப் பள்ளியில் மாரப்பன் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ஒரு காலை உண்டு, ஆட்டின் படம் வரும்போதெல்லாம் அது வந்திருக்க வேண்டும், வந்து, வாய் அசைந்து, நான் அறியாமல். வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அவளுக்கு. ஒரு குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து தினமும் அவளிடம் நான் சொன்னது அதுதான். அவளைப் பற்றி நான் அவளிடம் நேராகச் சொன்ன ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் பசு, குடை, அடுத்து. மாவில் எந்த விரல் பட்டது? எனக்குப் பேய் பரவாயில்லை என்று தோன்றியது. பேய் என்றால் கதவைச் சாத்தலாம்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். சீப்பு, பந்து, எறும்பு. நான் தடுக்கவில்லை. தடுக்கிறவன் குரலையும் நாளை சேர்த்துக்கொள்வாள் என்று பயமாக இருந்தது, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இப்படித்தானா? அவன் திருப்பிச் சொன்ன ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அவனிடம் முதலில் சொன்னது, யாருமே அவனிடம் நல்லதாக ஒன்று சொல்லவில்லை, அதனால் அவனிடம் நல்லதாக ஒன்று இல்லை. முப்பத்தெட்டு. நாளை டாக்டர் படங்களைக் காட்டுவார், இவளிடம் பொம்மை ஒன்றைக் கொடுப்பார், நாற்பது என்று யார் எழுதியது என்று கேட்பார். ரேணுகா என் பக்கம் திரும்புவாள். கீழே இருக்கும் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அதை நானாகச் சொன்னால்தான். சொன்னால் ரேணுகா என்ன நினைப்பாள், என் வீட்டு ரத்தம் என்று நினைப்பாளா, மறைத்துவிட்டேன் என்று நினைப்பாளா, எது மோசம்? சொல்லாவிட்டால் டாக்டர் தப்பான இடத்தில் தேடுவார், அது மோசம், பிழையை மறைத்துப் பாகத்தை அனுப்புவது போல, பிரேக் பாகத்தை. முப்பத்தொன்பது. நாற்பது. "வீடு" என்றாள். பிறகு, நான் எழுந்திருக்கும்போது சொல்வதை, அதே இறங்கு குரலில், "அவ்வளவுதான். முடிஞ்சுது."

இந்த இடத்தில் நான் எழுந்துவிடுவேன். எழுந்து, பெட்டியை மூடி, குளிக்கப் போவேன், அவள் தனியாகப் பாயில் உட்கார்ந்திருப்பாள். இன்று எழுந்திருக்கவில்லை. அறையில் சத்தம் நின்றது. பத்து நொடி, இருபது நொடி. அவளிடம் அதற்கு மேல் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. அவள் கை பாயின் விளிம்பைப் பிடித்தது, விட்டது, பிடித்தது. ஏதோ சரியில்லை அவளுக்கு. வரிசையில் ஒன்று குறைகிறது. அப்போது அந்தக் கண்கள் சுவரை விட்டு நகர்ந்தன. நகர்வதை நான் பார்த்தேன், மெதுவாக, என் காது, என் கன்னம், பிறகு என் கண். அவள் கண்மணி அவ்வளவு கறுப்பு என்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், தலைகுனிந்து. நான்தான். எழுந்து, தத்தித் தத்தி, இரண்டாவது கோட்டைத் தாண்டி வந்தாள், பாயின் இந்தப் பாதிக்கு அவள் இதுவரை வந்ததே இல்லை, வந்து இரண்டு உள்ளங்கையையும் என் நெஞ்சில் வைத்தாள். சூடாக இருந்தன. தள்ளினாள்.

"போ" என்றாள்.

நான் அசையவில்லை. மனம் ஓடுகிறது, எங்கே கேட்டாள், எந்த அட்டைக்குப் பிறகு, எத்தனையாவது? நாற்பதில் இல்லை. நான் சொன்னதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது நான் "வரேன்" என்பேன், காலையில் ரேணுகா "வரேன்" என்பாள், இந்த வீட்டை விட்டு வெளியேறும் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, குழந்தை காதில் விழவே கூடாது என்று ரேணுகாவின் அம்மா இங்கே வந்திருந்தபோது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காக்காயை விரட்டுவதில்லை, நாய் இல்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. ஒருவேளை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கட்டும், அது என் குரல் இல்லை. மெல்லிய, கொஞ்சம் கீச்சிடும், எச்சில் ஈரமுள்ள குரல். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதே இல்லை. இரண்டேகால் வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறேன் என்று புரிந்தபோது காது அடைத்தது. மறுபடி தள்ளினாள், இன்னும் பலமாக, புருவம் சுருங்க. "போ."

போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல் காதில் வைத்தேன். "முடிஞ்சுதா? நாற்பதுக்கு நாற்பதா?" என்றாள் ரேணுகா. சிரிப்பு இருந்தது குரலில், காலையிலிருந்து ஊசி குத்தி ஓய்ந்த கையின் சோர்வும். "ரேணு, பேசினா." "பேசுவா, பசு, மணி, குடை. எனக்கே மனப்பாடம்." "இல்ல. எங்கிட்ட பேசினா. என்னைப் பார்த்து." இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது, எங்கோ கதவு சாத்தப்பட்டது, வெளியே வந்துவிட்டாள் போல. "என்ன சொன்னா?" சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சில் அந்த இரண்டு கை இன்னும் இருந்தது. "போன்னு சொன்னா." சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். "நீங்க என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணல. உக்காந்திருக்கேன்." "ஐயோ, எந்திரிங்க!" என்றாள், யாரோ தன்னை அடித்தது போல. "ஏங்க உக்காந்திருக்கீங்க? எந்திரிச்சுப் போங்க. பாப்பா கேட்டிருக்கா. ஒண்ணு கேட்டிருக்கா இல்ல, செய்ங்க, உடனே செய்ங்க, கேட்டா நடக்கும்னு அவளுக்குத் தெரியட்டும்."

எழுந்தேன். கால் மரத்திருந்தது. மடியிலிருந்த அட்டைகள் சரிந்து பாய் முழுவதும் விழுந்தன, படம் மேலாகவும் எண் மேலாகவும். அவள் கைகளைக் கீழே தொங்கவிட்டு என்னையே பார்த்தாள், என் முகத்தையே, நான் வாசல்வரை போகும்வரை. கதவைத் திறந்து வெளியே நின்று, ஒரு கை அகலத்துக்கு விட்டுச் சாத்தினேன். உள்ளே சத்தம் இல்லை. பசு என்று தொடங்கவில்லை. காதை அந்த இடைவெளியில் வைத்துக் கேட்டேன், என் குரல் உள்ளே இருக்கிறதா என்று. இல்லை. "போயிட்டீங்களா?" என்றாள் ரேணுகா. "வெளியே நிக்கறேன்." "நில்லுங்க. அவ என்ன பண்றான்னு பாருங்க." பார்த்துக்கொண்டே, எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் சொல்ல ஆரம்பித்தேன். "ரேணு, எங்க அண்ணனுக்குப் பேச்சு வராது."

அந்த இடைவெளியில், என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு கண் தெரிந்தது.